தள்ளுகிறவரின் உயரம்

புது டயரில் முடி இருக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அச்சிலிருந்து வந்த ரப்பரைச் சுற்றிலும் பூனை மீசை மாதிரி மெல்லிசாக நீட்டிக்கொண்டிருக்கும். ரோட்டில் நாலு நாள் ஓடினால் தேய்ந்து காணாமல் போய்விடும். சைக்கிள் கடையில் காலம் தள்ளியவர்களைத் தவிர வேறு யாரும் இதைக் கவனிப்பதில்லை. பஞ்சர்காரர் கவனித்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் கையாலேயே பூட்டிக் கொடுத்த சக்கர நாற்காலி அந்தச் சின்ன அறையின் மூலையில் பளபளவென்று நின்றது. டயரில் ஒரு முடிகூட உதிரவில்லை.

நாற்காலி தெருவையே பார்க்கவில்லை என்று அதற்கு அர்த்தம்.

அவர் கடல் தாண்டி இந்த ஊருக்கு வந்தது வேறு காரியத்துக்கு. இந்த நாற்காலியில் இந்த வீட்டு மகள் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் தாய் மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுகிற படம் ஒன்று உண்டு. இலவசமாகச் சக்கர நாற்காலி கொடுக்கும் சங்கத்தின் காலண்டர், கடிதத்தாள், விமான நிலையத்தில் வைக்கும் தட்டி என்று எங்கே பார்த்தாலும் அந்தப் படம்தான். ஓரத்தில் ஸ்பேனரும் கையுமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பவர் நம்ம பஞ்சர்காரர். அந்தப் படம் பிரபலமானதில் அவரும் பிரபலமாகி, பன்னிரண்டு நாட்டுக் கிளைகளுக்கும் இனி இவரே தலைவர் என்று தீர்மானம் ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை இந்த நாட்டின் தலைநகரில் நடக்கும் மாநாட்டில் பதவி ஏற்பு. மேடையில் போட்டுக் காட்ட, இந்தப் பெண் தெருவில் ஜாம்ஜாமென்று போவதாக இரண்டு நிமிஷ வீடியோ வேண்டும் என்று தலைமை அலுவலகம் கேட்டிருந்தது. அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து இறங்கியிருந்தார்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு சைக்கிள் கடை, ஒரு காற்றடிக்கும் பம்பு, ஒரு மனைவி, இவ்வளவுதான் சொத்து. கடைக்கு எதிரே இருந்த மண்டபத்தில் சங்கத்தின் முகாம் நடந்தது. கப்பலில் வந்த நாற்பது நாற்காலிகளில் பாதிக்கு மேல் டியூபில் காற்று இல்லை. சங்கத்துக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, யாரோ ஓடிவந்து இவரைக் கூட்டிப் போனார்கள். பஞ்சர் ஒட்டினோமா வந்தோமா என்று இருந்திருக்கலாம். ஆனால் கோட்டுப் போட்ட கனவான் ஒருவர் பிரேக்கைத் தலைகீழாகப் பூட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "இதுல உட்கார வெச்சு யாரைக் கொல்லப் போறீங்க?" என்று கேட்டுவிட்டார். கனவான் கோபிக்கவில்லை. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்ப நீங்களே சொல்லிக் குடுங்க" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதை இதுதான்.

அடுத்த மாதம் பக்கத்து ஊர் முகாம், அடுத்த வருஷம் பக்கத்து நாடு. தெரிந்தது ஒரே மொழி. ஆனாலும் ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டால் எந்த ஊர்க்காரரும் அவரோடு பேசிவிடுவார்கள். "ஊருலகத்துக்கே சக்கரம் மாட்டுறீங்க, நம்ம வீட்டுக் கட்டிலுக்கு ஒரு கால் ஆடுதே, அதை யாரு பார்க்கிறது?" என்று வீட்டுக்காரி கேட்பாள். கேட்டுக்கொண்டே பெட்டியில் துணியும் அடுக்கித் தருவாள்.

நாற்காலியை உட்காருகிறவருக்கு ஏற்ற மாதிரி பூட்டவேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னவர் அவர்தான். இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்காலிலிருந்து குதிகால் வரை என்று பதினெட்டு அளவு கொண்ட ஒரு படிவம் அவருடைய மூளையில் உதித்தது. இன்றைக்குப் பன்னிரண்டு நாட்டிலும் அதே படிவம். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, அதை ஒளித்துவைக்கவும் தெரியாது.

இப்போது அந்தக் கர்வம் மூலையில் துடைத்துவைத்த பாத்திரம் மாதிரி நின்றது. இரண்டு மொழியும் தெரிந்த பூகோள டீச்சர் ஒருத்தி பேச்சை மாற்றிச் சொல்ல வந்திருந்தாள். பஞ்சர்காரர் அவளிடம், "ஏன் வெளியில எடுக்கவே இல்லன்னு கேளுங்க டீச்சர்" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

தாய் பதறிப்போனாள். சின்ன உருவம். மகளைப் பத்தொன்பது வருஷமாக முதுகில் சுமந்து சுமந்து இடுப்புக்கு மேலே அப்படியே முன்னால் வளைந்துவிட்டாள். ஆளைப் பார்க்கவேண்டுமானால் கழுத்தைத் திருப்பி ஒரு பக்கமாக அண்ணாந்துதான் பார்ப்பாள்.

"தினம் துடைச்சு வெச்சிருக்கேன்னு சொல்றாங்க. ரொம்ப நல்ல நாற்காலியாம். உங்களுக்கு ரொம்ப நன்றியாம்" என்றாள் டீச்சர்.

கட்டிலில் சாய்ந்திருந்த மகள் பட்டென்று ஏதோ சொன்னாள். தாய் அவளை அதட்டினாள். மகள் விடவில்லை. கால்தான் வராதே தவிர நாக்கு நன்றாகவே வந்தது. டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மாவால தள்ள முடியலையாம் சார். முதல் நாளே இறக்கத்துல கையை விட்டுப் போயி, முனை வீட்டுச் சுவர்ல இடிச்சு நின்னுச்சாம். அதுக்கப்புறம் பழையபடி முதுகுலதான். போன மாசம் டாக்டர் இனிமே தூக்கவே கூடாதுன்னு சொல்லிட்டாராம். நாளைக்குப் பத்து மணிக்கு இவளுக்கு ஃபோன் ரிப்பேர் வகுப்பு ஆரம்பிக்குது. ரெண்டு தெரு தள்ளித்தான். முதல் நாள் வராதவங்க இடம் அடுத்த ஆளுக்குப் போயிடுமாம்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

இந்தக் கேள்விக்குத் தாயே பதில் சொன்னாள். அவ்வளவு தூரத்திலிருந்து வந்து கொடுத்தார்கள், எல்லோரும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள், குறை சொன்னால் நன்றாகவா இருக்கும்? தப்பு தன் உடம்பில்தானே, நாற்காலியில் இல்லையே.

"தள்ளிக் காட்டச் சொல்லுங்க" என்றார் பஞ்சர்காரர்.

தாய் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. கைப்பிடி இரண்டும் அவளுடைய முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தன. கையைத் தோளுக்கு மேலே தூக்கி அவற்றைப் பிடித்தாள். அப்படிப் பிடித்தால் தள்ளலாம், நிறுத்த முடியாது.

பஞ்சர்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். முகாம் அன்று இந்தப் பெண்ணைப் பதினெட்டு இடத்தில் அளந்தவர், மூன்றடி தள்ளி நின்ற தாயை ஒரு தடவை ஏற இறங்கப் பார்க்கவில்லை. அன்றைக்கு நாற்காலியை வண்டி வரைக்கும் தள்ளிப் போனது அவருடைய ஆட்கள்தான். படம் எடுத்தபோது தாய் மண்டியிட்டிருந்தாள். அவள் எழுந்து நின்றால் எவ்வளவு உயரம் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. இவளையா அதட்டினோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"மன்னிச்சுடுங்கம்மா" என்றார் நேராக அவளைப் பார்த்து. டீச்சர் வாயைத் திறப்பதற்குள் தாய் தலையை ஆட்டிவிட்டாள்.

வாசலுக்கு வந்து தலைமை அலுவலகச் செயலாளர் அம்மாவை ஃபோனில் கூப்பிட்டார்.

"வீடியோ வராது. அந்தப் படத்தையும் மேடையில போடாதீங்க."

"தலைவரே, எல்லாம் அச்சடிச்சாச்சு!"

"அச்சடிச்சா உண்மையாயிடுமா? அந்த நாற்காலி எட்டு மாசமா வீட்டுக்குள்ளதான் நிக்குது. நான் ஒழுங்கா அளக்கல."

"சரி, போடல. ஆனா நாளைக்கு மத்தியானம் ஒத்திகை இருக்கே. இன்னைக்குச் சாயங்கால பஸ்ல கிளம்பினாத்தான் வந்து சேருவீங்க."

"ஒத்திகைக்கு எனக்குப் பதிலா யாரையாவது நிக்க வெச்சு மாலையைப் போட்டுப் பாருங்க. நான் செவ்வாய்க்கிழமை விடியும்போது வந்துடறேன். இன்னொண்ணு, நம்ம படிவத்துல பத்தொன்பதாவதா ஒண்ணு சேருங்க. தள்ளுறவங்க உயரம்."

"சேர்த்துடலாம்." செயலாளர் அம்மா கணக்கான ஆள். மெதுவாகக் கேட்டார்: "அப்ப இதுவரைக்கும் குடுத்தது?"

பஞ்சர்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். "ஒவ்வொண்ணாப் போய்ப் பார்க்கணும். வேற என்ன வழி?"

டீச்சரைக் கூட்டிக்கொண்டு சைக்கிள் கடை தேடிப் போனார். ஞாயிற்றுக்கிழமை என்று பாதிக் கதவைச் சாத்தியிருந்த கடைக்காரர் முதலில் முடியாது என்று கையை விரித்தார். பஞ்சர்காரர் கடைக்குள் கவிழ்த்துப் போட்டிருந்த சைக்கிளின் பின்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஆடிய இடத்தில் கம்பியைத் தொட்டுக் காட்டினார். கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் மீதிக் கதவையும் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு டீச்சருக்கு அங்கே வேலையே இல்லை, ஒரு மூலையில் உட்கார்ந்து மாணவர்களின் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

நாற்காலியைக் கடைக்குக் கொண்டுவந்து, தாயைக் கூப்பிட்டு நிற்கவைத்து, அவள் கை இயல்பாகத் தொங்கி மடங்குகிற இடத்தைச் சாக்பீஸால் நாற்காலியில் குறித்தார்கள். முகத்துக்கு எதிரே நீட்டிய இரண்டு கைப்பிடிகளையும் ரம்பத்தால் அறுத்தார்கள். சாக்பீஸ் குறிக்கு நேராகப் பழைய சைக்கிள் ஹேண்டில்பார் ஒன்றைக் குறுக்கே வைத்து வெல்டிங் பிடித்தார்கள். பிரேக்குக்கு ஹேண்டிலிலிருந்தே கம்பி இழுத்து இரண்டு சக்கரத்துக்கும் கொண்டுபோனார்கள். பொழுது சாய்ந்தபோது இரண்டு பேர் சட்டையிலும் கிரீஸ். கடைக்காரர் ஒரு சைக்கிள் மணியையும் தன் பங்குக்கு மாட்டிவிட்டார். தாய் மணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், அடித்துப் பார்க்க மட்டும் கூச்சப்பட்டாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கெல்லாம் மகள் தலை வாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தாய் பின்னால் நின்று ஹேண்டிலைப் பிடித்தாள். தள்ளினாள். நாற்காலி சொன்ன பேச்சுக் கேட்டது. இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தாள், நின்றது. பஞ்சர்காரருக்கு உயிர் வந்தது. கை தட்டலாமா என்று யோசிக்கும்போதே, பத்தடி போயிருக்கமாட்டாள், தாய் சட்டென்று நின்றுவிட்டாள். மேலே போகமாட்டேன் என்கிறாள்.

"என்னாச்சு? பிரேக் பிடிச்சுக்கிச்சா?"

டீச்சர் தாயின் பக்கத்தில் குனிந்து கேட்டாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்: "இத்தனை வருஷமா இவ மூச்சு தன் பிடரியில பட்டுக்கிட்டே இருக்குமாம். தூங்கிட்டாளா, அழுறாளா, சிரிக்கிறாளான்னு அதுலயே தெரிஞ்சிடுமாம். இப்ப இவ இருக்காளா இல்லையான்னே தெரியலையேங்கிறாங்க."

அதற்கு எந்த ஸ்பேனரும் பஞ்சர்காரரிடம் இல்லை. மணி ஒன்பதரை ஆகிவிட்டது.

மகள் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தபடியே உரக்க ஏதோ சொன்னாள். அப்புறம் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. தாயின் கால் தானாக நகர்ந்தது. பக்கத்திலேயே ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டு டீச்சர் மூச்சு வாங்க எடுத்துச் சொன்னாள். "'அப்ப நான் பேசிக்கிட்டே வரேன், கேட்டுக்கிட்டே வா'ன்னா. 'அம்மா, முன்னாடி ஒரு குழி, கொஞ்சம் இந்தப் பக்கம். அம்மா, ஒரு நாய் என்னை முறைக்குது, நானும் முறைச்சுட்டேன். மாடியில ஒரு வழுக்கை ஆளு சீப்பு வெச்சுச் சீவிக்கிட்டிருக்காரு, எதைச் சீவுறாருன்னு தெரியல...'"

எத்தனையோ வருஷமாகத் தரையை மட்டுமே பார்த்து நடந்தவள் அந்தத் தாய். மாடியில் மனுஷர்கள் இருப்பதே மறந்துபோயிருக்கும். வழுக்கை ஆள் வந்த இடத்தில் அவள் சிரித்துவிட்டாள். சத்தம் கேட்டு மகளும் சிரித்தாள். பஞ்சர்காரர் நாலடி பின்னால் வந்துகொண்டு, யாரும் பார்க்காதபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசு என்று சொல்லத் தயாராக இருந்தார், யாரும் கேட்கவில்லை.

வகுப்புக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தார்கள். மேசைக்கு அடியில் அவள் முட்டி இடித்தது. மேசைக் காலுக்கு நாலு செங்கல் வைத்துத் தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் பஞ்சர்காரர் வெளியே வந்தார். உள்ளே மாஸ்டர் பெயர்ப் பட்டியலைப் படித்தார். மகள் தன் பெயருக்குக் குரல் கொடுத்தது ஜன்னல் வழியாகத் தெருவரை கேட்டது.

திரும்பும்போது தாய் வெறுங்கையோடு நடந்தாள். முதுகில் ஆள் இல்லை, ஆனாலும் அதே வளைவு. கைகள் இரண்டும் பழக்கதோஷத்தில் பின்னால் போய், யாரையோ தாங்குவது போல ஒன்றையொன்று கோத்துக்கொண்டன. வீட்டு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டில் காலி. மூலையும் காலி. கழுத்தைத் திருப்பிப் பஞ்சர்காரரிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"வகுப்பு விட நாலு மணி ஆகும். அது வரைக்கும் நான் என்ன செய்யறதுன்னு கேக்குறாங்க" என்றாள் டீச்சர்.

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். பஞ்சர்காரர் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"அவங்களுக்கு என்ன செய்யப் பிடிக்கும்? அதைக் கேளுங்க."

தாய் ரொம்ப நேரம் யோசித்தாள். இப்படி ஒன்றை அவளிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. கடைசியில் தப்புச் செய்தவள் மாதிரி தாழ்ந்த குரலில் சொன்னாள். கூப்பிடுகிறாளா, புரண்டு படுக்கவேண்டுமா என்று காது கொடுத்துக்கொண்டே இல்லாமல் ஒரு தடவை தூங்கவேண்டும்.

"போய்த் தூங்குங்கம்மா" என்றார் அவர்.

உள்ளே போய் மகளின் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தாள். இரண்டு நிமிஷத்தில் குறட்டை வந்தது. சின்ன உடம்புக்குக் கொஞ்சம் பெரிய குறட்டைதான். பஞ்சர்காரரும் டீச்சரும் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி புது நாற்காலிக் கதையைக் கேட்க ஆர்ப்பாட்டமாக வந்தாள். அவர் உதட்டில் விரலை வைத்து அவளைத் திருப்பி அனுப்பினார். மத்தியானம் ஒத்திகை நேரத்தில் செயலாளர் அம்மா இரண்டு தடவை கூப்பிட்டார். ஃபோனை வாயடைத்துப் பையில் போட்டுவிட்டார்.

மணி மூன்றே முக்கால் ஆயிற்று.

"எழுப்பட்டுமா சார்?"

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருக்க, முகத்திலிருந்த கவலையெல்லாம் எங்கோ போய்விட்டிருந்தது. உற்றுப் பார்த்தால் அவளுக்கு அப்படியொன்றும் வயதாகவில்லை.

"வேண்டாம். நாமளே போய்க் கூட்டிட்டு வரலாம்."

வகுப்பு வாசலில் இவர்களை மட்டும் பார்த்ததும் மகளின் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா எங்க?" என்று அவள் கேட்டது மொழி தெரியாமலே புரிந்தது. பஞ்சர்காரர் உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார். அவள் நம்பவில்லை. டீச்சர் விவரம் சொன்ன பிறகும், "பகல்லயா? அம்மாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பஞ்சர்காரர் நாற்காலிக்குப் பின்னால் போனார். அவர் ஆறடி ஆள். வளைந்த தாயின் கைக்கு வாகாக வைத்த ஹேண்டில் அவருக்குத் தொடையருகே இருந்தது. உடம்பை இரண்டாக மடித்துக் குனிந்தால்தான் பிடிக்க முடிந்தது. அப்படியே தள்ளினார். பத்தடியில் இடுப்பு வலித்தது, முதல் தெரு முடிவதற்குள் கழன்றே விடும் போலிருந்தது. தரையையும் தன் செருப்பையும் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. பத்தொன்பது வருஷமா என்று நினைத்துக்கொண்டார். பின்னால் வந்த டீச்சர் அவருடைய கோலத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டாள். மகள் அடக்கவே இல்லை.

வீட்டை நெருங்கியதும் மகளின் பேச்சும் சிரிப்பும் நின்றன. கையைத் தூக்கி அவரை நிறுத்தச் சொன்னாள். திறந்திருந்த கதவு வழியாகக் கட்டில் தெரிந்தது. தாய் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா தூங்கி இப்படித் தள்ளி இருந்து பார்ப்பது மகளுக்கு இதுதான் முதல் தடவை. பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு டீச்சரைக் கிட்டே வரச்சொல்லி, காதோடு ஏதோ கேட்டாள்.

டீச்சரும் குரலை இறக்கித்தான் சொன்னாள். "இன்னும் ஒரு சுத்து சுத்திட்டு வரலாமான்னு கேக்குறா சார். அம்மா தூங்கட்டுமாம்."

பஞ்சர்காரர் இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி ஒரு தடவை நிமிர்ந்து நின்றார். எலும்பெல்லாம் சொடுக்குப் போட்டது.

"எத்தனை சுத்து வேணும்னாலும் போகலாம்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் குனிந்து ஹேண்டிலைப் பிடித்தார்.